ரயிலடிக்கு ஒரு பேருந்து: மணலி புதுநகர் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

மணலி புதுநகர் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும், விடியற்காலையில் சாப்பாட்டுப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் எல்லாருக்கும்,

மணலிக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு உங்கள் பக்கத்தில் புதிதில்லை. தேர்தல் வந்தால் மேடை ஏறும், முடிந்தால் இறங்கிவிடும். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, அதை இங்கேயும் நீட்டுங்கள் என்ற கோரிக்கையும் சேர்ந்துகொண்டது. இரண்டும் நியாயமானவை. நியாயமான எல்லாமே கைக்குக் கிடைத்துவிடுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஊருக்குள் ஒரு நிலையம் எழும்பும் நாளை எதிர்பார்த்துக்கொண்டே, சுற்றி ஏற்கெனவே இருக்கிற நிலையங்களை உங்களுடையவை என்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். கிழக்கே விம்கோ நகர், எண்ணூர். வடக்கே அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, மீஞ்சூர். கும்மிடிப்பூண்டி பாதை உங்கள் ஊரைக் கிழக்கிலும் வடக்கிலும் வளைத்துக்கொண்டு போகிறது. அந்தப் பாதைக்கும் உங்களுக்கும் நடுவில் கிடப்பது சில கிலோமீட்டர் சாலை. அந்தச் சாலையில், ரயில் நேரத்தோடு இணைத்து ஓடும் பேருந்தைக் கேளுங்கள் என்கிறேன். இதைக் கேட்பது பெரிய கோரிக்கையைக் கைவிடுவதாகாது. பெரிய கோரிக்கை என்றாவது நிறைவேற வேண்டுமானால் அதற்கு முதல் படியே இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் மனக்குறையை எடுத்துக்கொள்கிறேன், அது உண்மையானது என்பதால். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகரத்தின் நெருக்கடியைக் குறைக்கத் தெற்கே மறைமலைநகரையும் வடக்கே உங்கள் ஊரையும் புதுநகரங்களாகத் திட்டமிட்டது. இரண்டும் ஒரே சிந்தனையில் பிறந்தவை: தொழிற்சாலையின் பக்கத்தில் வீடு, வீட்டின் பக்கத்தில் பள்ளி, சந்தை. மறைமலைநகருக்குக் கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் ‘மறைமலைநகர் காமராஜர்’ என்று பெயரிட்ட நிலையமே இருக்கிறது. உங்களுக்கு இல்லை. தெற்குக்கு ஒரு நீதி, வடக்குக்கு ஒரு நீதியா என்று நீங்கள் கேட்டால் பாதிக்கு மேல் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். மீதிக்குக் காரணம் வேறு. மறைமலைநகர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாதையின் ஓரத்தில் எழுப்பப்பட்டது. உங்கள் ஊர் பாதையை விட்டு உள்ளே தள்ளி, கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்தில் எழுப்பப்பட்டது. வீட்டுமனை பிரித்தவர்கள் அந்த மக்கள் எப்படி ரயிலடிக்குப் போவார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இப்போது நீங்கள் கேட்க வேண்டியது அந்த விடுபட்ட பதிலைத்தான். கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் அங்கே திறக்கப்பட்டது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் புதிய ரயில் நிலையம் ஒன்றுக்கு மாநில அரசே பணம் கட்ட, ரயில்வே வேலையைத் தொடங்கியது. பணம் கட்டினால் நிலையம் வரும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே தண்டவாளம் ஏற்கெனவே வாசலில் கிடந்தது.

உங்களுக்குத் தண்டவாளம் ஏன் வாசலில் இல்லை என்பதற்கு வடசென்னையின் ரயில் வரலாறு பதில் சொல்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தப் பாதை மேற்கே போயிற்று. வடக்கே கூடூர் வழியாகக் கிழக்குக் கடற்கரையோடு சென்னையை இணைக்கும் அகலப்பாதை 1899-இல்தான் வந்தது. அது கடலோரத்தை ஒட்டியும், உப்பளங்களையும் கழிமுகத்தையும் தாண்டியும் கல்கத்தா நோக்கிப் போக வேண்டிய பாதை. இடையில் இருந்த ஊர்கள் அதன் நோக்கமில்லை. பின்னாளில் ஆலைகள் வந்தபோது நிலையங்கள் அவற்றை ஒட்டி முளைத்தன. விம்கோ நகர் என்ற பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். 1979-இல் கும்மிடிப்பூண்டி வரை பாதை மின்மயமாகி மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்குள் மணலி ஆலைகளின் ஊராகிவிட்டிருந்தது: 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அடுத்துச் சில ஆண்டுகளில் உர ஆலை, பிறகு வரிசையாகப் பெட்ரோகெமிக்கல் ஆலைகள். அந்த ஆலைகளுக்கு ரயில் வந்தது. வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து மணலிக்குச் சரக்குத் தண்டவாளம் போட்டார்கள். அதில் எண்ணெய் போயிற்று, உரம் போயிற்று, ஆள் மட்டும் போகவில்லை. வடசென்னையின் ரயில் வரலாற்றில் சரக்கு எப்போதும் முதல் வகுப்புப் பயணி. கசப்பாகத்தான் சொல்கிறேன், ஆனால் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்தச் சரக்குத் தண்டவாளத்திலேயே பயணிகள் ரயிலை விட்டால் என்ன என்று உங்களில் பலர் கேட்பீர்கள். கண்ணெதிரே இரும்பு கிடக்கும்போது வரும் இயல்பான கேள்விதான் இது. இதற்கு மூன்று தடைகள் உண்டு. ஒன்று, அந்தத் தடம் ஆலைகளின் முற்றத்துக்குள் முடிகிறதே தவிர உங்கள் தெருக்களில் முடியவில்லை. ஆலை வாசல் வரை ரயில் வந்தாலும் அங்கிருந்து வீட்டுக்கு நீங்கள் மறுபடி பேருந்துதான் பிடிக்க வேண்டும். இரண்டு, எரிவாயு, பெட்ரோலியப் பொருள், உரம் ஏற்றிய வண்டிகள் ஊர்ந்து நிற்கும் சரக்குத் தடத்தில் மக்களை ஏற்றிய ரயிலை விட ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அதற்குத் தடம், சிக்னல், நடைமேடை எல்லாவற்றையும் ஏறக்குறையப் புதிதாகப் போட வேண்டும். ஆபத்தான பொருள்களுக்கு நடுவில் நடைமேடை வேண்டுமா என்பதை நீங்களே கொஞ்சம் யோசியுங்கள். மூன்றாவது தடைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு நடை மட்டும் வந்துபோகும் கிளைப்பாதை ரயிலால் யாருடைய வேலை நேரமும் மாறாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வராத வண்டியை நகரத்தில் யாரும் நம்பி வேலைக்குப் போக முடியாது.

மெட்ரோவுக்கு வருகிறேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9.05 கிலோமீட்டருக்கு 2016 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று ரயில் ஓடியது. செலவு சுமார் 3,770 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு நானூறு கோடிக்கு மேல் ஆகிறது. அதுவும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நெருக்கி அடித்த ஊர்களின் வழியாகப் போன பாதை அது. விம்கோ நகரிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் வழி கால்வாய், தாழ்நிலம், ஆலை மதில்கள். இடையில் ஏறி இறங்க ஆளில்லாத நிலத்தில் அந்தக் கணக்கை எந்த அதிகாரியும் நியாயப்படுத்த மாட்டார். கட்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களில் இரண்டு மாதவரத்தில் தொடங்குகின்றன, ஒன்று கலங்கரை விளக்கத்தில் தொடங்குகிறது. உங்கள் பக்கம் எதுவும் திரும்பவில்லை. இதை எழுதுவது உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க அல்ல. ராயபுரத்தைப் பெரிய முனையமாக்குங்கள் என்று வடசென்னை ஆண்டுக்கணக்காகக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தோம், தாம்பரம் மூன்றாவது முனையமாகிவிட்டது. பெரிய கோரிக்கை மட்டுமே வைத்திருப்பவர்களிடம் ‘ஆய்வில் இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிடலாம். சின்ன, துல்லியமான, நாளையே செய்யக்கூடிய கோரிக்கையோடு வருபவர்களை அப்படி அனுப்புவது கடினம்.

இனி என் வாதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரயில்வே மக்களை எண்ணுவதில்லை, டிக்கெட்டை எண்ணுகிறது. ஒரு நிலையத்தில் எத்தனை வண்டி நிற்கும், நடைமேடைக்குக் கூரை வேண்டுமா, டிக்கெட் கவுண்டர் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற கேள்விகளில் அந்த நிலையத்தின் விற்பனைக்குத்தான் பெரிய குரல். மணலி புதுநகரிலிருந்து ரயிலேறக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் பேருந்திலேயே பாரிமுனை வரை போய்விடுகிறார்கள். ஒரு பகுதியினர் பைக்கில் போகிறார்கள். மீதிப் பேர் ஷேர் ஆட்டோ பிடித்து மீஞ்சூரிலோ விம்கோ நகரிலோ ஏறுகிறார்கள். அவர்கள் வாங்கும் டிக்கெட் அந்த ஊர்களின் கணக்கில் சேர்கிறது. உங்கள் ஊர் எந்தக் கணக்கிலும் இல்லை. அய்யா வைகுண்ட தர்மபதியின் புரட்டாசித் தேரோட்டத்துக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது என்பது ஊரறிந்தது. ரயில்வேயின் எந்தப் பதிவேட்டிலும் அந்தக் கூட்டம் மணலி புதுநகருக்கு வந்த கூட்டமாக இல்லை. நாளைக்கு யாராவது உங்களுக்கு நிலையம் வேண்டுமா என்று ஆய்வு செய்தால், ‘தேவை குறைவு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். மணலி புதுநகர் – விம்கோ நகர் ரயிலடி என்று பலகை மாட்டிய பேருந்து ஒன்று ஆறு மாதம் ஒழுங்காக ஓடினால், அதன் நடத்துநரிடம் இருக்கும் டிக்கெட் கணக்கே உங்கள் மனுவாகிவிடும். பிறகு வரும் ஆய்வாளரிடம் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

எந்த நிலையத்துக்கு என்ற கேள்வி வரும். என் பார்வையில் விம்கோ நகர்தான் முதல். புறநகர் நிலையமும் மெட்ரோ நிலையமும் இருக்கிற இடம் அது. அங்கே மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி, விமான நிலையம் வரை போகலாம். மெட்ரோ கட்டணம் பையைக் கடிக்கும் என்பவர்களுக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் ஐந்து ரூபாய்தான், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. இரண்டாவது மீஞ்சூர். திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை உங்கள் ஊரைத் தொட்டுத்தான் அங்கே போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் பொன்னேரிக்கும் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களுக்கு அது வசதி. அத்திப்பட்டு புதுநகரையும் எண்ணூரையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். வரைபடத்தில் அவை பக்கம்போலத் தெரிந்தாலும், நடுவில் ஆறும் கழிமுகமும் அனல்மின் நிலைய வளாகங்களும் கிடப்பதால் சாலை சுற்றிக்கொண்டு போகும். மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே இந்த இணைப்பு, ஆலைக்கும் வீட்டுவேலைக்கும் துணிக்கடைக்கும் போய்வரும் பெண்களின் மாதச் செலவில் ஷேர் ஆட்டோ பங்கை அப்படியே மிச்சப்படுத்தும். இதைச் சங்கக் கூட்டங்களில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் இந்தக் கணக்கு வெளியே வராது.

‘பஸ் வந்தாலும் ரயில் வர வேண்டுமே’ என்பது நியாயமான மறுப்பு. கும்மிடிப்பூண்டிப் பாதையில் போகிறவர்களுக்கு அது தெரியும். ஹவுராவுக்கும் டெல்லிக்கும் போகும் விரைவு வண்டிகள் அதே பாதையில். காமராஜர் துறைமுகம் 2001-இல் தொடங்கியது, வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் அங்கேதான், ஆகவே அத்திப்பட்டு ஒரு சரக்குச் சந்தியாகிவிட்டது. இத்தனைக்கும் வழிவிட்டு மின்சார ரயில் சிக்னலில் காத்து நிற்கிறது. கடற்கரை–அத்திப்பட்டு நான்காம் பாதைத் திட்டமும், அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி மூன்றாம், நான்காம் பாதைத் திட்டமும் இதைத் தீர்க்கத்தான். ஆனால் கூடுதல் பாதை வந்ததும் கூடுதல் சரக்கு வண்டி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளாது என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. ஆகவே பேருந்தோடு சேர்த்து நீங்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: காலை, மாலை நெரிசல் நேரத்தில் இந்தப் பாதையில் மின்சார ரயில்களுக்கு இடைவெளி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற எழுத்துபூர்வமான உறுதி. இதை நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டைப் பயணிகளுக்கும் இதே குறைதான். அவர்கள் சங்கங்களோடு சேர்ந்து கேட்டால் கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவில் அது ஒரு ஊரின் முனகலாகப் போகாது.

சாலையை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பேருந்து எப்படி ஓடும் என்ற மறுப்புக்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்ணூர் விரைவுச் சாலையையும் மணலி எண்ணெய் ஆலைச் சாலையையும் பொன்னேரி சாலையையும் அகலப்படுத்தினார்கள். அகலமான சாலையில் அகலமான வரிசையாக டிரெய்லர்கள் நிற்கின்றன. துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் ஒரு அடிக்கல், 2022 மே மாதத்தில் இரண்டடுக்குச் சாலையாக இன்னொரு அடிக்கல். அது முடிந்தால் உங்கள் சாலைகளில் லாரிகள் எவ்வளவு குறையும் என்பது பொறுத்திருந்து பார்க்க வேண்டியது. ஆனால் ஒன்று கவனியுங்கள். இப்போது பாரிமுனை வரை போகும் உங்கள் பேருந்து அந்த லாரி வரிசையின் முழு நீளத்தையும் தாண்டிப் போகிறது. ரயிலடி வரை மட்டும் போகும் பேருந்து அதில் ஒரு துண்டை மட்டும் தாண்டினால் போதும். மாட்டிக்கொள்ளும் நேரம் குறையும், அதே வண்டி அதே மணிநேரத்தில் கூடுதல் நடை அடிக்கும். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், அந்த ஒரு துண்டில் மட்டும் டிரெய்லர்கள் ஓரம் கட்டக் கூடாது என்று போக்குவரத்துக் காவலரிடம் கேட்பது, சாலை முழுக்க லாரியை நிறுத்துங்கள் என்று கேட்பதைவிட நடக்கக்கூடியது.

இதுவரை சொன்னது வசதிக் கணக்கு. உங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு முதலில் தேடி வருவது மணலி புதுநகரையும் சடையங்குப்பத்தையும்தான். 2021 நவம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கழிமுகம் வரை பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் உர ஆலைக்கான கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இலேயே மணலியை நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் குடியிருக்கும் ஊருக்கு, வெள்ளத்துக்கு மேலே உயர்த்திய, விளக்கெரியும், பேருந்து ஓடிப் பழகிய சாலை ஒன்று ரயிலடி வரை இருப்பது ஆலைகளின் பேரிடர்த் திட்டத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நிதியில் நிழற்குடையும் விளக்கும் தாழ்ந்த இடங்களில் சாலை உயர்த்தலும் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் களைத்துப்போகிறார்கள். பேருந்தென்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம், ரயிலென்றால் தெற்கு ரயில்வே, சாலையென்றால் நெடுஞ்சாலைத் துறையோ மாநகராட்சியோ, லாரியென்றால் காவல்துறை. 2011-இல் மணலியையும் சுற்று ஊராட்சிகளையும் சென்னை மாநகராட்சியில் சேர்த்த பிறகும் இந்தச் சுற்று குறையவில்லை. இந்தத் தட்டிக்கழிப்பை நிறுத்தத்தான் 2010-இல் சட்டம் போட்டு, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தை உருவாக்கினார்கள். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் ஏற்பாட்டை அந்தக் குழுமம் 2025-இல் கொண்டுவந்தது. டிக்கெட்டை இணைத்தவர்களிடம் நேர அட்டவணையையும் இணையுங்கள் என்று கேட்பது அதிகப்படியான ஆசையில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் 2013 முதல் சிற்றுந்துகள் இருக்கின்றன. புதிய சிற்றுந்துத் திட்டத்துக்காக 2024-இல் அரசு வெளியிட்ட வரைவில் சென்னையின் விரிவாக்க மண்டலங்களான திருவொற்றியூரும் மணலியும் பேசப்பட்டன. வண்டி இல்லை என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். 2022 முதல் மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் கூடுகின்றன. பெரும்பாலும் தெருவிளக்கும் குப்பையும் பேசிக் கலைகின்றன. அடுத்த பகுதி சபையில் ஒரே ஒரு தீர்மானம் வையுங்கள்: மணலி புதுநகரிலிருந்து விம்கோ நகர் ரயிலடிக்கும் மீஞ்சூர் ரயிலடிக்கும், காலை ஐந்து மணி முதல் கடைசி ரயில் வரை, ரயில் நேரத்தோடு இணைத்த சாதாரணக் கட்டணப் பேருந்து வேண்டும், கடைசி ரயில் தாமதமானால் பேருந்து காத்திருக்க வேண்டும், ஆறு மாதப் பயணிகள் கணக்கை ஊருக்கு வெளியிட வேண்டும். கூட்டத்துக்குப் பெண்களும், இரவுப் பணிக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வர முடிகிற நேரத்தை வையுங்கள். கையெழுத்து வாங்கும்போது பெயரோடு, எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார் என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியல் நேர அட்டவணை போடுபவருக்கு மனுவைவிடப் பயன்படும். நகல்களை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கும், மாநகரப் போக்குவரத்துக் கழக மேலாண் இயக்குநருக்கும், தெற்கு ரயில்வே சென்னைக் கோட்ட மேலாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒவ்வொரு நகலிலும் மற்ற இருவருக்கும் அனுப்பியிருப்பதைக் குறிப்பிடுங்கள். நிலையம் வேண்டும் என்ற பழைய தீர்மானத்தைக் கிழித்துப் போட வேண்டாம். இதை அதற்கு மேலே வையுங்கள்.

அன்புடன்,
வடசென்னை ரயில் பாதையைப் பற்றி எழுதிவரும் ஒருவர்